இலையைப் பதித்தால் மட்டும் போதுமா?

கேள்வி: வங்கியில் வேலை. ஒரு வருடமாக வார இறுதிகளில் பாட்டரி (மண்பாண்டக் கலை) கற்கிறேன். வேலையை விட்டுவிட்டு இதிலேயே இறங்க ஆசை. இலை, பூ என்று இயற்கை சார்ந்துதான் செய்யப் பிடிக்கிறது. ஆனால் என் இலைத் தட்டுகளில் உயிரே இல்லை, பாதி விரிசலும் விடுகின்றன. என்ன செய்ய?
- வாசகி, கோவை

பதில்: விரிசலை முதலில் பார்த்துவிடலாம். நடுப்பகுதி ஈரமாக இருக்கும்போதே விளிம்பு காய்ந்து சுருங்கிவிடுகிறது, அந்த இழுவையில்தான் மண் பிளக்கிறது. விளிம்பைச் சுற்றி பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி நிதானமாகக் காயவிடுங்கள், ஃபேனுக்குக் கீழே வைக்கவே வைக்காதீர்கள்.

உயிர் இல்லை என்கிறீர்களே, அதுதான் பெரிய விஷயம். தட்டைத் தனியாகச் செய்துவிட்டு இலையை முத்திரை குத்துவது மாதிரி குத்தினால் அப்படித்தான் இருக்கும். ஓர் ஆமணக்கு இலையை எடுத்துப் பாருங்கள். காம்பு ஓரத்தில் சேராமல் சற்று உள்ளே தள்ளிச் சேர்கிறது, அங்கிருந்துதான் நரம்புகள் எல்லாப் பக்கமும் பிரிந்து ஓடுகின்றன. உங்கள் தட்டின் குழிவும் அதே இடத்தில் விழட்டும், விளிம்பு இலையின் போக்கிலேயே ஏறி இறங்கட்டும். நரம்பு புடைத்திருக்கும் பின்பக்கத்தை மண்ணில் அழுத்துங்கள். சூளையில் முதல் முறை சுட்ட பிறகு இரும்பு ஆக்சைடைத் தண்ணீரில் கரைத்துப் பூசி ஈர ஸ்பாஞ்சால் துடைத்தால், பள்ளமான நரம்புகளில் மட்டும் நிறம் தங்கும். அதன் மேல் கிளேஸ், அதாவது சுடும்போது கண்ணாடி மாதிரி உருகிப் படியும் பூச்சு, மெல்லிசாகப் போதும், கனமாகப் போட்டால் எல்லாம் மூழ்கிவிடும்.

சரி, வேலை. இப்போதைக்கு விடாதீர்கள். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பயின்றவர்கள் பலர் இன்று சொந்த ஸ்டுடியோ நடத்துகிறார்கள். மாதக்கணக்கில் முழுநேரமாக உட்கார்ந்து பழகிய கைகள் அவை. வார இறுதியில் மட்டும் சக்கரத்தைத் தொட்டால் கைக்கு அந்தப் பழக்கம் வருவது கஷ்டம். அதனால் புதுச்சேரி, ஆரோவில் பக்கம் எந்த ஸ்டுடியோவிலாவது நீண்ட பயிற்சிக்கு இடம் கேளுங்கள், வங்கியில் சம்பளமில்லா விடுப்புக்கும் எழுதிக் கேளுங்கள். அங்கே மண் பிசைவது, கிளேஸ் கலப்பது, சூளை அடுக்குவது என்று யாரும் புகைப்படம் எடுக்காத வேலைகளையும் செய்து பாருங்கள், ஏனென்றால் இந்தத் தொழிலில் நாளின் பெரும்பகுதி அதுதான். அதுவும் பிடித்துவிட்டால் மறுபடி எழுதுங்கள், ராஜினாமா பற்றி அப்போது பேசுவோம். அதுவரை சொந்தச் சூளை வாங்க வேண்டாம், யாராவது ஒருவருடைய சூளையில் வாடகைக்கு இடம் பிடித்துச் சுட்டுக்கொள்ளுங்கள்.