டிக்கெட்டில் ஸ்கேன் செய்யும் கோடை (code) நாமே போடலாமா? போடலாம், ஆனால் 001, 002 என்று வேண்டாம்

கேள்வி: மயிலாப்பூரில் சிறிய நாடகக் குழு நடத்துகிறோம். டிசம்பரில் தி.நகரில் 700 இருக்கைகள் உள்ள அரங்கத்தில் நாடகம். டிக்கெட் விற்பனை முழுவதும் ஆன்லைனில். நாங்கள் பயன்படுத்தும் தளத்தில், தானாக வரும் கோடுக்குப் பதில் நம்முடைய சொந்தக் கோடுகளை அப்லோட் செய்யும் வசதி இருக்கிறது. ஸ்பான்சர்களுக்கு 001 முதல் 150 வரை எண் போட்ட பாஸ்களை ஏற்கெனவே அச்சடித்துவிட்டோம். மீதி 550 டிக்கெட்டுக்கும் 151, 152 என்று தொடரலாமா, அல்லது ஏ-12 மாதிரி இருக்கை எண்ணையே கோடாக வைத்துவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். 215 என்ற டிக்கெட் கையில் இருப்பவருக்கு 214-ம் 216-ம் இருப்பது தானாகவே தெரியும், எந்த எண்ணை வேண்டுமானாலும் க்யூஆர் படமாக மாற்றித் தர இலவசத் தளங்கள் எத்தனையோ இருக்கின்றன, ஒரு நிமிட வேலை. அப்படி ஒருவர் முதலில் உள்ளே போய்விட்டால், காசு கொடுத்து வாங்கியவர் குடும்பத்தோடு வந்து நிற்கும்போது ‘ஏற்கெனவே ஸ்கேன் ஆகிவிட்டது’ என்று சிவப்பு விளக்கு எரியும், வாசலில் நிற்கும் வாலண்டியர் யாரை நம்புவார்? இருக்கை எண் இன்னும் மோசம், ஏனென்றால் இருக்கை வரைபடத்தை நீங்களே டிக்கெட் தளத்தில் எல்லோருக்கும் காட்டுகிறீர்கள். இருக்கை எண் டிக்கெட்டில் பெரிதாகவே இருக்கட்டும், ஆனால் கோடு அதிலிருந்து தனி. வாங்கியவரின் மொபைல் எண்ணைக் கோடாக வைக்கும் பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது, தயவுசெய்து அதையும் தொடாதீர்கள்.

உங்களுக்கு சொந்தக் கோடு தேவையா என்பதை முதலில் பார்ப்போம். டிக்கெட் தளம் தானாகத் தருவது பொதுவாக யாரும் யூகிக்க முடியாத கோடுதான், அதுவே போதும். நாமாகப் போட வேண்டிய சந்தர்ப்பங்கள் குறைவு: அரங்கத்துக்கு என்று தனி கேட் சிஸ்டம் இருந்து அது தன் கோடுகளை மட்டும் ஏற்கும்போது, முன்கூட்டியே அச்சடித்த பாஸ் அல்லது கைப்பட்டை இருக்கும்போது, ஒரே கோடு இரண்டு இடத்தில் வேலை செய்ய வேண்டியிருக்கும்போது. கடைசி வகைக்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. 2025 ஐபிஎல் சமயத்தில் சேப்பாக்கத்துக்கு சிஎஸ்கே ஆட்டம் பார்க்க வந்தவர்கள் மேட்ச் டிக்கெட்டில் இருந்த கோடையே மெட்ரோ கேட்டிலும் ஸ்கேன் செய்து போய்வந்தார்கள். (தள்ளுபடி கூப்பன் கோடு வேறு விஷயம், அதை நூறு பேர் பயன்படுத்தலாம். டிக்கெட் கோடு ஒரு ஆளுக்கு ஒன்று, ஒரே முறை.)

உங்கள் விஷயத்தில் சிக்கல் அந்த 150 பாஸ் மட்டும்தான். எனவே ‘ஸ்பான்சர்’ என்று தனி டிக்கெட் வகை உருவாக்கி, அதற்கு மட்டும் 001 மாதிரி அல்லாத புதிய கோடுகளை நீங்களே உருவாக்கி ஏற்றுங்கள், மீதி 550-ஐ தளத்திடமே விட்டுவிடுங்கள். வகைவாரியாக ஏற்ற முடியாது, எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் என்று தளம் சொன்னால் 700-க்கும் நீங்களே உருவாக்க வேண்டியிருக்கும்.

எப்படி உருவாக்குவது? ஆங்கில ஓ எழுத்தும் பூஜ்ஜியமும் ஒன்று போலத் தெரியும், ஐ, எல், 1 மூன்றும் அப்படியே. ஸ்கேன் ஆகாமல் கையால் டைப் செய்யும்போது இவைதான் ஆளைக் கொல்லும். கிராக்ஃபோர்ட் பேஸ்32 என்று ஒரு முறை உண்டு, பத்து இலக்கங்களோடு ஐ, எல், ஓ, யூ நான்கும் நீங்கலாக 22 ஆங்கில எழுத்துகள், ஆக மொத்தம் 32. அதையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு எழுத்துக் கோடு என்றால் மொத்தம் சுமார் 10.5 லட்சம் சாத்தியங்கள், அதில் 700 உங்களுடையது, அதாவது கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலே ஏறக்குறைய 1,500-க்கு ஒன்று பட்டுவிடும். எட்டு எழுத்து வைத்தால் அதே வாய்ப்பு 150 கோடியில் ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது. எட்டு போதும். கடன் அட்டை எண்ணில் இருப்பது போல கடைசியில் ஒரு சோதனை இலக்கம் சேர்க்கச் சிலர் சொல்வார்கள், இவ்வளவு பரந்து கிடக்கும் கோடுகளில் ஒரு எழுத்து தவறினால் அது பட்டியலிலேயே இருக்காது, அதனால் அது இங்கே தேவையில்லை.

முன்னால் ஒரு எழுத்து, ஸ்பான்சருக்கு எஸ், பொதுவுக்கு ஜி என்று சேர்த்தால் வாலண்டியருக்குப் பார்த்ததும் புரியும். ஆக ஒன்பது. எல்லாம் பெரிய எழுத்தாகவே இருக்கட்டும், இதற்குக் காரணம் இருக்கிறது: க்யூஆரில் இலக்கமும் பெரிய எழுத்தும் குறைந்த இடத்தில் அடங்கும்படி தனி முறை உண்டு. 21-க்கு 21 கட்டம் உள்ள மிகச் சிறிய க்யூஆரில், சுமார் 30 சதவீதம் சேதமானாலும் படிக்கக்கூடிய உச்சப் பாதுகாப்பு வைத்தாலும், அப்படிப் பத்து எழுத்து அடங்கும். சின்ன எழுத்து கலந்தால் ஏழுதான். கட்டங்களின் எண்ணிக்கை குறைந்தால் ஒவ்வொன்றையும் பெரிதாக அச்சடிக்கலாம், அப்போது விரிசல் விட்ட மொபைல் திரையில் கூட சட்டென்று படிக்கும்.

எக்ஸெல் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான கோளாறு அங்கேதான் வருகிறது. எக்ஸெலின் ரேண்டம் ஃபார்முலாக்கள் நீங்கள் வேறு ஏதாவது செல்லை மாற்றினாலே மறுபடி கணக்கிட்டு எண்ணை மாற்றிவிடும். அச்சுக்கு ஒரு பட்டியல் போய், தளத்துக்கு வேறு பட்டியல் போய்விட்டால் நிகழ்ச்சி அன்றுதான் தெரியும். இன்னொன்று, முழுவதும் இலக்கமாகவே இருக்கும் கோட்டில் முன்னால் உள்ள பூஜ்ஜியத்தைத் தின்றுவிடும், நடுவில் ஆங்கில ஈ எழுத்து வந்து மற்றதெல்லாம் இலக்கமாக இருந்தால் அடுக்கு எண் என்று நினைத்து உருமாற்றிவிடும், மாதப் பெயர் மாதிரி இருந்தால் தேதியாக்கிவிடும். மரபணுக்களின் பெயர்களையே எக்ஸெல் தேதியாக மாற்றிக்கொண்டிருந்ததால், 2020-இல் விஞ்ஞானிகள் அந்த மரபணுக்களின் பெயரை மாற்றவே வேண்டி வந்தது. முன்னால் எஸ், ஜி எழுத்து இருப்பது இதிலிருந்தும் ஓரளவு காப்பாற்றும். பைத்தான் என்ற கணினி நிரல்மொழி தெரிந்த பிள்ளை யாராவது குழுவில் இருந்தால் ‘சீக்ரெட்ஸ்’ மாட்யூலில் செய்யச் சொல்லுங்கள், ‘ரேண்டம்’ மாட்யூல் இந்த வேலைக்கானது அல்ல. வந்த சிஎஸ்வி ஃபைலை (வெறும் எழுத்தாக உள்ள பட்டியல்) எக்ஸெலில் திறந்து சேவ் செய்யாமல் அப்படியே ஏற்றுங்கள், அச்சகத்துக்கும் அதே ஃபைல்.

சரி, அச்சடித்த பாஸ்கள்? வீணாக்க வேண்டாம். பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் ஏ4 ஸ்டிக்கர் ஷீட் வாங்கி, புதுக் கோடும் அதன் க்யூஆரும் அச்சடித்து ஒட்டிவிடுங்கள். பழைய 001 உங்கள் கணக்குக்கு மட்டும், எந்த பாஸ் எந்த ஸ்பான்சருக்குப் போனது என்று பார்க்க.

2023 செப்டம்பரில் ஈசிஆர் பனையூரில் நடந்த ரஹ்மான் கச்சேரியில், டிக்கெட் கையில் இருந்தும் பலர் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். 700 இருக்கை என்பது சிறிய அளவுதான், ஆனாலும் வெளியே எத்தனை கோடு உயிரோடு இருக்கிறது என்பது எப்போதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டிக்கெட்டை ரத்து செய்தவரின் கோடை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள், பழையவரின் மெயிலில் அது இன்னும் இருக்கும். அதை முடக்கிவிட்டுப் புதிய கோடு கொடுங்கள், அதற்காக ஐம்பது கோடு கூடுதலாக வைத்திருங்கள், ஆனால் விற்பனை வரம்பு 550-ஐத் தாண்டாதபடி தளத்தில் தனியாகப் போட்டுவிடுங்கள்.

அப்புறம் வாசல். இரண்டு வாசலிலும் நெட் இல்லாமல் ஆஃப்லைனில் ஸ்கேன் செய்தால், வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு ஆன ஒரே ஸ்கிரீன்ஷாட் இரண்டு வாசலிலும் பச்சை காட்டும், இங்கே எவ்வளவு நல்ல கோடு போட்டிருந்தாலும் பயனில்லை. கூட்டம் சேர்ந்ததும் அரங்க வாசலில் மொபைல் டேட்டா திணறும். ஒரே வாசல் வையுங்கள், அல்லது அரங்கத்தின் வைஃபையை நம்பாமல் உங்கள் ஸ்கேன் போன்களுக்கு மட்டும் தனி ரவுட்டர் வையுங்கள். முந்தின நாள் மாலை ரிகர்சலுக்குப் போகும்போதே ஒவ்வொரு வகையிலும் இரண்டு டிக்கெட்டை அந்த வாசல் வெளிச்சத்தில் ஸ்கேன் செய்து, ஒன்றை இரண்டாவது முறையும் காட்டி மறுக்கிறதா என்று பாருங்கள். பார்த்த பிறகு அந்தச் சோதனைக் கோடுகளை ரத்து செய்துவிட்டு, பெயர் அகரவரிசையில் முழுப் பட்டியலையும் காகிதத்தில் எடுத்து வாசலில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.