பண்ணைக்காரர் வாக்கை நம்பி வீடு வாங்கலாமா?

கேள்வி: பல வருஷமாக லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். இரைச்சல் போதும் என்று ஹியர்ஃபோர்ட்ஷயரில் கிங்டன் பக்கம் ஒரு பழைய கல்வீடு பார்த்தோம். கூடவே ஒரு தானியக் கொட்டகையும் உண்டு. அந்த அமைதியைப் பார்த்து என் மனைவி அழுதேவிட்டாள். விலை பேசி முடித்த பிறகு விற்பவர் இன்னும் பத்தாயிரம் பவுண்ட் ஏற்றினார். மனசில்லாமல் ஒத்துக்கொண்டோம். இப்போது எங்கள் சொலிசிட்டர், ரோட்டிலிருந்து வீட்டுக்கு வரும் மண்பாதை பக்கத்துப் பண்ணைக்குச் சொந்தம், பத்திரத்தில் வழியுரிமை இல்லை, பின்னால் வழியில் சிக்கல் வந்தால் நஷ்டஈடு தரும் இன்டெம்னிட்டி இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். விற்பவர் 1994 முதல் அதில்தான் கார் ஓட்டுகிறார். பாதைக்காகப் பண்ணைக்காரருக்கு வருஷம் 60 பவுண்ட் கொடுக்கிறாராம். எஸ்டேட் ஏஜென்ட் எங்களிடம் மூச்சுவிடவில்லை. போன ஞாயிறு நானே பண்ணைக்காரரைப் போய்ப் பார்த்தேன். தங்கமான மனுஷர், டீ கொடுத்தார். “அவங்களை எப்பவும் விட்டுக்கிட்டுதானே இருக்கோம், நீங்களும் தாராளமா போங்க” என்றார். கொட்டகையை ஹாலிடே லெட் ஆக்கி, விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடப்போகிறோம் என்றேன், கைகுலுக்கினார். அரசின் நில அளவை மேப்பான ஓஎஸ் மேப்பிலும் அது பொதுப்பாதை என்றுதான் இருக்கிறது. அவர் வாக்கு போதாதா? ஏஜென்ட் மேல் வழக்குப் போடலாமா? வாசலில் எடுத்த படம் இணைத்திருக்கிறேன்.

பதில்: ஏஜென்டை விடுங்கள். பத்தாயிரத்தையும் விடுங்கள். இங்கிலாந்தில் எக்ஸ்சேஞ்ச் ஆகும்வரை, அதாவது கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை இரு தரப்பும் மாற்றிக்கொள்ளும்வரை, விற்பவரும் கட்டுப்பட்டவர் அல்ல, நீங்களும் அல்ல. அவர் விலையை ஏற்றலாம், நீங்கள் விலகலாம். ஏஜென்ட் சொல்லாமல் விட்டதை உங்கள் சொலிசிட்டர் நேரத்தோடு கண்டுபிடித்துவிட்டார். வழக்குப் போடுகிற அளவுக்கு நஷ்டம் எதுவும் இன்னும் உங்களுக்கு வரவில்லை.

மேப் விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். அதில் பச்சைப் புள்ளிக்கோடாக இருப்பது ஃபுட்பாத். பொதுமக்கள் நடந்து போகலாம், அவ்வளவுதான். தனி உரிமையோ அனுமதியோ இல்லாமல் அதில் கார் ஓட்டினால் 1988ஆம் வருஷத்து ரோடு டிராஃபிக் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி அது குற்றம்.

உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு கேள்விதான்: 1994 முதல் அந்தப் பாதையில் ஓடிய கார் பண்ணைக்காரரின் அனுமதியோடு ஓடியதா, அனுமதி கேட்காமல் ஓடியதா?

நல்ல பிள்ளையாக அனுமதி கேட்டுப் போனவருக்கு எத்தனை வருஷம் ஆனாலும் உரிமை வராது. கேட்காமல், ஒளியாமல், சண்டை பிடிக்காமல், உரிமை உள்ளவர் போலவே இருபது வருஷம் போய்வந்தவருக்கு வரும். பார்த்தும் பேசாமல் இருந்த நிலக்காரரின் மௌனம் அனுமதி ஆகாது. “போய்க்கோ” என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது அனுமதி. அந்த ஒரு வார்த்தை இல்லையென்றால் கேஸ் நிற்கும், இருந்தால் விழும்.

அதனால்தான் அந்த 60 பவுண்ட் என்னை உறுத்துகிறது. 1903இல் ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸில் தீர்ப்பான கார்ட்னர் வழக்கில், பக்கத்து விடுதியின் முற்றம் வழியாக நாற்பது வருஷத்துக்கு மேல் வண்டி போய்வந்திருக்கிறது. வருஷம் 15 ஷில்லிங் கொடுத்து வந்தார்கள். அந்தச் சின்னத் தொகையே அனுமதிக்கான அத்தாட்சி என்று சொல்லி உரிமையை மறுத்துவிட்டார்கள். உங்கள் விற்பவர் கொடுப்பது ஜல்லி கொட்டவும் குழி அடைக்கவும் ஆன பங்கு என்றால் பயமில்லை, அது அவருக்குச் சாதகமாகக்கூடப் பேசும். பாதையில் விடுவதற்கான காசு என்றால் முப்பது வருஷமும் வீண். செக் அடிக்கட்டையில் என்ன எழுதியிருக்கிறது, கூட ஏதாவது கடிதம் போனதா என்று உங்கள் சொலிசிட்டர் கேட்டு வாங்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் இடது பக்க கேட் கம்பத்தில் ஒரு பலகை அடித்திருக்கிறது. பாசி பிடித்து, ‘பிரைவேட்’ என்பது மட்டும்தான் தெரிகிறது. அடுத்த முறை போகும்போது மீதி எழுத்தையும் படம் எடுங்கள். 2016இல் வின்டர்பர்ன் வழக்கில், கார் பார்க்கிங் இடம் ஒரு கிளப்புக்கு வருகிறவர்களுக்கு மட்டும் என்று மாட்டியிருந்த போர்டே போதும் என்றது அப்பீல் கோர்ட். பக்கத்து மீன் வறுவல் கடைக்கு வந்தவர்கள் வருஷக்கணக்கில் அங்கே வண்டி நிறுத்தியும் உரிமை வரவில்லை. நிலக்காரர் கேஸ் போடவும் தேவை இருக்கவில்லை, திரும்பத் திரும்பக் கடிதம் எழுதவும் தேவை இருக்கவில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீங்கள் செய்தது மனுஷத்தனமான காரியம். நம்மவர்கள் எல்லாருமே இப்படித்தான் செய்வார்கள்: பக்கத்துக்காரரை நேரில் பார்த்து, நாலு வார்த்தை பேசி, மனசைத் தெரிந்துகொண்டு வருவார்கள். வீடு வாங்கும் நேரத்தில் என் கட்சிக்காரர்கள் அதிகம் அடிபட்டதும் இதே இடத்தில்தான்.

முதல் அடி, இன்சூரன்ஸ். பாதை சம்பந்தமாக நிலக்காரரிடம் யாரும் பேசவில்லை என்பதுதான் இந்த பாலிசிகள் கேட்கிற முதல் உறுதிமொழி. நீங்கள் பேசிவிட்டீர்கள். உண்மையைச் சொன்னால் பெரும்பாலும் சாதாரண பாலிசி கிடைக்காது. சொல்லாமல் எடுத்தால், தெரிந்தே பொய் சொன்னதாகி, கேட் பூட்டப்படும் நாளில் கம்பெனி பாலிசியை ரத்து செய்யும். உங்களுக்குக் கடன் தரும் பேங்கையும் ஏமாற்றியதாகிவிடும். ஆகவே இன்றைக்கே சொலிசிட்டருக்கு மின்னஞ்சல் போடுங்கள்: எந்தத் தேதி, யார் என்ன சொன்னார்கள், கொட்டகை பற்றிச் சொன்னது உட்பட. அப்படியே பாலிசி கிடைத்தாலும் அது பணம் தரும், பாதை தராது.

இரண்டாவது அடி, அவர் சொன்ன அந்த வாக்கியம். “எப்பவும் விட்டுக்கிட்டுதானே இருக்கோம்.” உங்கள் காதில் அது தேனாக விழுந்திருக்கும். எனக்கு அது எதிர்த்தரப்பு சாட்சியம். உண்மையிலேயே கேட்காமல் இருபது வருஷம் ஓடியிருந்தால், வந்த உரிமையை இப்போதைய பேச்சு அழித்துவிடாது. ஆனால் ஆரம்பத்திலிருந்தே தான் அனுமதித்ததாக அவர் நினைக்கிறார் என்பது இப்போது தெரிந்துவிட்டது. லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் உரிமையைப் பதிய விண்ணப்பம் போட்டால் அவருக்கு நோட்டீஸ் போகும், அவர் ஆட்சேபிப்பார், விஷயம் டிரிப்யூனலுக்குப் போகும். அங்கே செலவாகும் காசுக்கு நீங்கள் கொட்டகைக்குப் புதுக்கூரையே போட்டுவிடலாம்.

மூன்றாவதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. அவர் தங்கமான மனுஷராகவே இருக்கட்டும். வாய்ச்சொல்லோ, வீட்டு மேஜையில் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளோ, அது வெறும் அனுமதி. நினைத்தால் திரும்ப வாங்கலாம், நிலம் கைமாறினால் போயிற்று. இப்படி ஒரு தாளை நம்பி வீடு வாங்கிய கட்சிக்காரர் எனக்கு உண்டு. பெரியவர் இறந்தார், பிள்ளைகள் பண்ணையை விற்றார்கள், புதிதாக வந்தவர் கேட் போட்டுப் பூட்டினார். ஹீட்டிங் எண்ணெய் டேங்கர் வர முடியவில்லை, செப்டிக் டேங்க் எடுக்கும் லாரியும் வரவில்லை. அந்த வீட்டை வாங்கவும் ஆள் இல்லை. கடைசியில் கேட்ட காசைக் கொடுத்துத்தான் பத்திரம் வாங்கினோம்.

இன்னொன்றையும் பாருங்கள். உங்களுக்கு டீ கொடுத்தவர் நிலத்தின் சொந்தக்காரர்தானா? அந்தப் பக்கத்தில் குத்தகைக்காரர்கள் நிறைய. குத்தகைக்காரர் தரும் உரிமை நிலச்சொந்தக்காரரைக் கட்டுப்படுத்தாது. குடும்பச் சொத்து என்றால் சொந்தக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். நிலம் அடமானத்தில் இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதமும் வேண்டும். சில பவுண்ட் செலவில் ரெஜிஸ்டர் நகல் எடுத்தால் இதெல்லாம் தெரிந்துவிடும்.

அப்போ என்னதான் செய்வது? சமரசம். வழக்கும் வேண்டாம், இன்சூரன்ஸும் வேண்டாம். எக்ஸ்சேஞ்சுக்கு முன்னால், விற்பவர் தன் செலவில் பண்ணைக்காரரிடமிருந்து வழியுரிமைப் பத்திரம் வாங்கிப் பதிந்து தர வேண்டும் என்று கேளுங்கள். ஓட்டை இருப்பது அவர் சொத்தில். உங்களுக்கு விற்கவில்லை என்றாலும் அடுத்து வருகிறவரின் சொலிசிட்டரும் இதையேதான் கேட்பார். அவர் முழுச் செலவையும் ஏற்காவிட்டால் நீங்கள் பாதி போடுங்கள். ரோஷம் பார்க்காதீர்கள்.

பத்திரத்தில் எல்லா வாகனங்களும், எல்லா நேரமும் என்று இருக்கட்டும். எண்ணெய் டேங்கர் திரும்பும் அளவுக்கு அகலம் எழுதட்டும். பாதைக்கு அடியில் போகும் தண்ணீர்க் குழாய்க்கும் கேபிளுக்கும் தனியாக உரிமை வேண்டும், போய்வரும் உரிமையில் அது அடங்காது. ரிப்பேர் செலவில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதும் வர வேண்டும்.

கொட்டகையை மறைக்காதீர்கள். ஒரு குடும்பத்தின் வீட்டுக்கென்று வந்த உரிமை, வாரம் ஒரு விருந்தாளி கூட்டம் வரும் விடுதிக்குத் தானாக நீளும் என்று நம்ப முடியாது; பத்திரத்தில் அதையும் எழுத வேண்டும். விலை ஏறும். 1961இல் ஸ்டோக்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் வழக்கில், வழி தரும் துண்டு நிலத்துக்கு அந்த வழியால் கூடும் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டார்கள். பண்ணைக்காரரின் லேண்ட் ஏஜென்ட் அதை மனசில் வைத்துத்தான் பேச ஆரம்பிப்பார். நீங்கள் கைகுலுக்கிச் சொன்ன அந்த ஹாலிடே லெட் அவருக்கும் இதற்குள் தெரிந்திருக்கும். இனி பேச்சு எல்லாம் சொலிசிட்டர்கள் வழியாகவே நடக்கட்டும்.

விற்பவர் பத்திரத்துக்கு மறுத்தால், 1994 முதல் நடந்ததைச் சத்தியப் பிரமாணமாக அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அந்த 60 பவுண்டும் அந்தப் பலகையும் இருக்கும்போது அந்தத் தாளை நம்பி வாங்க நான் உங்களை விடமாட்டேன். சர்வே செலவு போனால் போகட்டும், விலகிவிடுங்கள். எக்ஸ்சேஞ்ச் ஆன பிறகு விலகினால் பத்து சதவீத டெபாசிட் போய்விடும்.