குரல் போனவள் போன் போட்டுச் சொல்ல வேண்டுமாம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உங்கள் எழுத்தை அம்மாதான் முதலில் படிப்பார், பிடித்தால் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். கதையைப் பற்றி எழுதாமல் என் வேலைப் பிரச்சினையை எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

எனக்கு வாடிக்கையாளர் சேவையில் போன் எடுக்கும் வேலை. சேர்ந்து ஐந்து மாதம் முடிந்துவிட்டது, ஆறு மாதம் புரொபேஷன். போன வாரம் செவ்வாய்க்கிழமை எழுந்தபோது குரலே இல்லை, காய்ச்சல் 38.6. எங்கள் இடத்து விதி, எம்.சி. (டாக்டர் தரும் மருத்துவச் சான்றிதழோடு எடுக்கும் விடுப்பு) என்றால் ஷிஃப்ட் தொடங்க இரண்டு மணி நேரத்துக்கு முன்பே மேனேஜருக்குப் போன் செய்து வாயால் சொல்ல வேண்டும், மெசேஜ் செல்லாது. ஆறு மணிக்கு முன்பே போட்டேன். வெறும் காற்றுதான் வந்தது. "கேன் ஐ டேக் எம்.சி. டுடே?" என்று எப்படியோ கேட்டேன். "யூ சவுண்ட் ஓகே வாட்" என்றார்.

பிறகு வரிசையாக ஆரம்பித்தது. தெர்மாமீட்டரைப் படம் எடுத்து அனுப்பு, மாத்திரைப் பொட்டலத்தை அனுப்பு, வீடியோவில் பார்க்கிற டாக்டரின் எம்.சி. எல்லாம் எடுக்க மாட்டோம், கம்பெனி கிளினிக்குக்கே போ. மதியம் வரைக்கும் தூங்கிவிட்டு அப்புறம் வீட்டிலிருந்தே ஈமெயிலுக்குப் பதில் எழுது, அதற்குக் குரல் வேண்டாமே என்றார். நானும் படுத்துக்கொண்டே ஐந்து மணி வரை எழுதினேன். திரும்பிப் போனால் குரூப் சாட்டில், சிலருக்கு மட்டும் அடிக்கடி உடம்புக்கு வருகிறது என்று பொதுவாக ஒரு வரி. புரொபேஷனை நீட்ட வேண்டியிருக்கும் என்று தனியாக வேறு சொன்னார். ஐந்து மாதத்தில் நான் எடுத்தது மொத்தம் நான்கு நாள்.

அம்மா, "நாங்கள்லாம் காய்ச்சலோட போகலையா, பல்லைக் கடிச்சுக்கோ" என்கிறார். நான் வேறு மாதிரிப் பேசியிருக்க வேண்டுமா? அடுத்த முறை என்ன சொல்வது?

செங்காங் வாசகி, சிங்கப்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

தொண்டை இப்போது தேவலையா? முழுதாகச் சரியாகும் வரை கிசுகிசுத்துக்கூடப் பேசாதீர்கள், சிலருக்குச் சாதாரணமாகப் பேசுவதைவிட அது தொண்டையைப் படுத்தும்.

உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோது சிரித்துவிட்டேன், மன்னிக்கணும். குரல் போனால் அதைக் குரலால்தான் சொல்ல வேண்டும் என்ற விதியை எந்த மகராசன் எழுதினானோ. இரண்டாவது முறை படித்தபோது "கேன் ஐ டேக் எம்.சி. டுடே?" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அந்த "கேன் ஐ" எதற்கு? எம்.சி.யை மேனேஜரிடம் யாரும் கேட்டு வாங்குவதில்லை, அதைத் தருபவர் டாக்டர். நீங்கள் மேனேஜரிடம் சொன்னது ஒரு தகவல், ஆனால் அதைக் கேள்வியாகக் கேட்டுவிட்டீர்கள். கேள்வி என்று வந்துவிட்டால் எதிரில் இருப்பவருக்குப் பதில் சொல்லும் உரிமை வந்துவிடும், அவரும் சொன்னார்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நம் ஆட்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. லீவு என்றாலே நாக்கு தானாகக் குழைந்துவிடும், ராத்திரியே தலை வலித்தது, காலையில் இரண்டு தடவை வாந்தி, பாட்டி கஷாயம் கொடுத்தார் என்று பிறந்த கதையிலிருந்து ஆரம்பிப்போம். சொல்லச் சொல்ல அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒவ்வொரு நுனியாகக் கிடைக்கும். இரண்டு தடவை வாந்தி என்றால் இப்போது நின்றுவிட்டதா என்பார். நின்றுவிட்டது என்றால், அப்போ மத்தியானம் வா.

இதை நான் எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன் என்றால், அந்த மேனேஜர் வேலையை நானும் பார்த்திருக்கிறேன். எழுத்தால் சோறு கிடைக்காத காலத்தில், இன்றைக்கும் பெரிதாகக் கிடைத்துவிடவில்லை, பாசிர் பாஞ்சாங் பக்கம் ஒரு கிடங்கில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். 1997, புகைமூட்டம் ஊரை மூடிய அந்த செப்டம்பர். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணன் ஒருவர் தினமும் ஜோகூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வருவார். ஒரு நாள் விடியற்காலையில் ஆபீஸ் போனுக்கு அடித்து, காய்ச்சல் சார், மூச்சு வாங்குது, இங்கேயே பக்கத்துக் கிளினிக்கில் காட்டிக்கொள்கிறேன் என்றார். அன்றைக்கு மூன்று கண்டெய்னர் இறங்க வேண்டும், இருவர் ஏற்கெனவே வரவில்லை. ஜோகூர் டாக்டர் எழுதினால் செல்லாது, கம்பெனி கிளினிக்குக்கு வாங்க, எம்.சி.யை நேரில் கொண்டு வந்து கொடுங்க என்றேன். விதிப்படி அது சரிதான், இன்றைக்கும் இங்கே பதிவு பெறாத டாக்டரின் எம்.சி.யை முதலாளி ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் அந்தப் புகையில் உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டி வந்து, கிளினிக்கில் உட்கார்ந்து, இரண்டு நாள் எம்.சி. வாங்கி, கிடங்குக்கும் வந்து ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மேசை முன்னால் நின்றார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அங்க வைங்க" என்றேன். வைத்துவிட்டு அதே வண்டியில் உச்சி வெயிலில் திரும்பிப் போனார்.

அவர் பொய் சொல்கிறார் என்று நான் ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை, உங்கள் மேனேஜரும் நினைத்திருக்க மாட்டார் என்றே படுகிறது. என் எரிச்சல் அவரது காய்ச்சல் மேல் இல்லை, ரோஸ்டர் மேல். ரோஸ்டரைத் திட்ட முடியாது, போன் செய்தவரைத் திட்டலாம். அப்புறம் இன்னொன்றும் உண்டு, இதை அன்றைக்கு நானே என்னிடம் ஒப்புக்கொண்டதில்லை. இவரை இவ்வளவு அலைக்கழித்தால் மற்ற ஆறு பேரும் அடுத்த முறை போனைத் தொடுவதற்கு முன் யோசிப்பார்கள். அந்தக் கேள்விகளின் வேலையே அதுதான், சாலையில் கம்பம் நட்டு வண்டிகளிடம் கட்டணம் பிடிக்கும் நம் ஊர் ஈஆர்பி மாதிரி. சாலையை மூடுவதில்லை, கடக்கும்போது செலவு வைக்கும், அந்தச் செலவை நினைத்தே பாதிப்பேர் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். தெர்மாமீட்டர் படம் ஒரு கம்பம், மாத்திரைப் பொட்டலம் இன்னொரு கம்பம். நீங்கள் எவ்வளவு நல்ல பதில் சொன்னாலும் அடுத்த கம்பம் வந்துகொண்டேதான் இருக்கும்.

ராணுவப் பழக்கமும் கொஞ்சம் இதில் இருக்கிறது. நம் ஆண்கள் பாதிப்பேர் மேனேஜராகும்போது தேசிய சேவையில் கற்றதை அப்படியே ஆபீசுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அங்கே உடம்பு சரியில்லை என்று சொல்பவன் முதலில் 'சாவ் கெங்', அதாவது வேலைக்குப் பயந்து நோய் நடிப்பவன், நோயாளி என்பது அப்புறம் நிரூபித்தால்தான். இதே ஆட்கள் 2020 பிப்ரவரியில் எப்படி மாறினார்கள் என்பதும் நினைவிருக்கிறது. சளி இருமல் என்று போனவருக்கு டாக்டர்கள் ஐந்து நாள் எம்.சி. எழுதச் சொல்லி அரசாங்கமே அறிவுறுத்திய மாதம் அது. ஒரு தும்மல் போட்டால் போதும், தயவுசெய்து வராதே என்று கெஞ்சினார்கள்.

சரி, கணக்குக்கு வருகிறேன். வேலை நியமனச் சட்டத்தில் புரொபேஷன் முடிந்ததா இல்லையா என்பது சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பைத் தீர்மானிப்பதில்லை, எத்தனை மாதம் வேலை செய்தீர்கள் என்பதுதான் கணக்கு. மூன்று மாதம் முடித்தால் வருடத்துக்கு 5 நாள், நான்கு முடித்தால் 8, ஐந்து முடித்தால் 11, ஆறு மாதத்திலிருந்து முழு 14. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அந்த 14-ஐயும் சேர்த்து 60 நாள் வரை. ஆக உங்களுக்கு 11 உண்டு, எடுத்தது 4. "அடிக்கடி" என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை.

வீடியோ டாக்டர் விஷயத்தில் உங்கள் மேனேஜர் பழைய காலத்தில் இருக்கிறார். முன்பெல்லாம் கம்பெனி டாக்டரோ அரசாங்க டாக்டரோ எழுதினால்தான் சம்பளத்தோடு விடுப்பு. 2019 ஏப்ரலில் சட்டம் மாறியது, இங்கே பதிவு பெற்ற எந்த டாக்டர், பல் டாக்டர் கொடுத்தாலும் முதலாளி ஏற்க வேண்டும், வீடியோவில் பார்த்திருந்தாலும் டாக்டர் பதிவு பெற்றவர்தானே. என்ன நோய் என்று எம்.சி.யில் எழுதியிருக்க வேண்டிய கட்டாயமும் கிடையாது. மாத்திரைப் பொட்டலத்தைப் படம் எடுத்து அனுப்பியது உங்கள் நல்ல மனசு, அடுத்த முறை அது வேண்டாம்.

நேரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விடுப்பில் இருப்பதை 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், குறைந்தது தெரிவிக்க முயன்றிருக்க வேண்டும் என்கிறது சட்டம். தவறினால் அனுமதியில்லாமல் வராதவர் என்று ஆகிவிடும். இரண்டு மணி நேரம் முன்பே சொல் என்பது கம்பெனியின் சொந்த விதி. போன் எடுக்க ஆள் மாற்றுவது லேசான வேலை இல்லை, அதனால் முடிந்தவரை அதை மதியுங்கள். எனக்குப் பொறுக்காதது வாயால்தான் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான். அதற்கும் வழி உண்டு. போன் செய்யுங்கள், காற்று வந்தாலும் பரவாயில்லை, ஒரே வரி. வைத்த கையோடு அதையே மெசேஜிலும் அனுப்புங்கள்: "ஐ ஆம் அன்வெல், ஆன் எம்.சி. டுடே அண்ட் டுமாரோ. எம்.சி. அட்டாச்ட்." எம்.சி. கைக்கு வராவிட்டால் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும். 'சாரி'யும் வேண்டாம், வயிற்றுக் கதையும் வேண்டாம். அவர் இன்னும் கேட்டால், "டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார், நாளை மறுநாள் பார்க்கலாம்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், புதிதாக ஒரு வார்த்தை சேர்க்காமல். முதல் தடவை வாய் கூசும்.

படுத்துக்கொண்டே ஈமெயில் எழுதியதுதான் எனக்குப் பெரிய வருத்தம். வேலைக்கு லாயக்கான உடல்நிலை இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த நாளில் நான்கு மணி நேரம் வேலை பார்த்துவிட்டீர்கள். அவர் மனதில் இப்போது உங்கள் எம்.சி. அரை எம்.சி. ஆகிவிட்டது. அடுத்த முறை மடிக்கணினியைத் திறக்காதீர்கள்.

புரொபேஷன் மிரட்டலைப் பற்றிப் பூசி மெழுகாமல் சொல்கிறேன், இதில் சட்டம் முழுக்க உங்கள் பக்கம் நிற்கும் என்று நம்பிவிடாதீர்கள். காரணம் எதுவும் சொல்லாமல் முறையாக நோட்டீஸ் கொடுத்து அனுப்பினால் அதைத் தவறான பணிநீக்கம் என்று காட்டுவது கடினம். ஆனால் சட்டப்படி உள்ள உரிமையைப் பயன்படுத்தியதற்குத் தண்டனையாக அனுப்பினார்கள் என்று காட்ட முடிந்தால் கதை வேறு. அதனால்தான் குரூப் சாட்டில் அவர் எழுதிய அந்த வரி முக்கியம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பதில் போடாதீர்கள். புரொபேஷன் பற்றி வாயால் சொன்னதைத் தேதி, நேரத்தோடு உங்கள் போனில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மனிதவளப் பிரிவுக்கு ஒரு சின்ன ஈமெயில், புகார் மாதிரி இல்லாமல் சந்தேகம் கேட்பதுபோல: என் மருத்துவ விடுப்பில் இன்னும் எத்தனை நாள் இருக்கிறது, வீடியோ டாக்டரின் எம்.சி. பதிவாகிவிட்டதா? பதில் எழுத்தில் வரும். பெரும்பாலும் அந்த ஈமெயிலே மேனேஜரை அடக்கிவிடும், எங்கள் கிடங்கில் என்னை அடக்கியதும் அப்படி ஒரு காகிதம்தான், அதை அனுப்பியது கணக்குப் பிரிவில் இருந்த ஒரு வயதான அம்மா.

மாத முடிவில் சம்பள ரசீதைப் பாருங்கள். 2016 ஏப்ரலிலிருந்து வரி வரியாகப் பிரித்துக் காட்டும் ரசீது கொடுப்பது கட்டாயம், எனவே விடுப்பு நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடித்திருந்தால் தெரிந்துவிடும். பிடித்திருந்தால் டிஏடிஎம் என்று சொல்லும், வேலைத் தகராறுகளைத் தீர்க்க உதவும் முத்தரப்புக் கூட்டணியிடம் போகலாம், வேலையில் இருக்கும்போது சம்பளப் புகாருக்கு ஒரு வருட அவகாசம். வேலையை விட்டு அனுப்பியே விட்டால் தவறான பணிநீக்கப் புகாருக்கு ஒரே மாதம்தான், அழுது முடிப்பதற்குள் ஓடிவிடும்.

அம்மா சொன்னதற்கு நான் என்ன சொல்ல. அவர்கள் காய்ச்சலோடு போனது உண்மை. ஒரு நாள் கூலி போனால் அந்த மாதம் இடிக்கும் என்பதால் போனார்கள், பெருமைக்காக யாரும் போகவில்லை. ஒரு நாள் சாவகாசமாக உட்கார்ந்து, அப்போது எம்.சி. கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். அறிவுரையைவிட அந்தப் பதில் நீளமாக இருக்கும். கேட்டு எனக்கும் எழுதினால் நல்லது.

ஒன்று விட்டுப்போச்சு. அந்த வீடியோ டாக்டருக்குக் கட்டிய பணத்தைக் கம்பெனியிடம் கேட்காதீர்கள். கம்பெனி டாக்டர் அல்லது அரசாங்க மருத்துவமனை, பாலிகிளினிக் எனும் பலதுறை மருந்தகம் என்றால்தான் சட்டப்படி முதலாளி கட்டணத்தை ஏற்க வேண்டும். வேறு எங்கு போனாலும் எம்.சி. செல்லும், காசு நம் கையிலிருந்துதான்.