பட்டறைக் கேள்வி–பதில்: உறிஞ்சிப் பிடிக்கும் ரோபோ கையும் அதன் இரைச்சலும்

கேள்வி: அட்டைப்பெட்டி தூக்கும் ரோபோ கையில் நான்கு வேக்குவம் கப் (உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கிண்ணம்), அதற்கு மேலேயே உறிஞ்சலை உண்டாக்கும் எஜெக்டர். ஷிப்ட் முழுக்க 'ஸ்ஸ்ஸ்' என்று கத்துகிறது. காற்று வெளியேறும் வாயில் சத்தம் குறைக்கும் சைலன்சர் மாட்டினோம். ஒரு மாதத்தில் பெட்டிகள் நழுவ ஆரம்பித்ததால் கழற்றிவிட்டோம். வேறு என்ன செய்யலாம்? (வாசகர், கஞ்சிக்கோடு)

சைலன்சரைக் கழற்றியதும் பிடிப்பு திரும்பியது அல்லவா? காரணம் அதிலேயே இருக்கிறது. எஜெக்டருக்குள் கம்ப்ரஸர் காற்று நுண்ணிய துளை வழியே சீறிப் பாயும்போது கப்பில் உள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. வெளியேறும் வழி அடைபட்டால் உறிஞ்சுவதும் குறையும். அட்டைத் தூசியும் கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்து, பித்தளைத் துகள் போலத் தெரியும் சாதாரண சைலன்சரைச் சீக்கிரமே பசையாக அடைத்துவிடும். நடுவில் நேர்த் துளையும் சுற்றிலும் பஞ்சும் உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள். அதில் தூசி தங்காமல் போய்விடும். கப்புக்கும் எஜெக்டருக்கும் நடுவே, உள்ளே பார்க்கக்கூடிய ஒரு ஃபில்டரும் அவசியம்.

அதற்கும் முன்னால், கம்ப்ரஸர் காற்றின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைப் பாருங்கள். பிடிப்பு போதாது என்றால் அழுத்தத்தைக் கூட்டுவதுதான் பல இடங்களில் வழக்கம். ஆனால் பெரும்பாலான எஜெக்டர்கள் 4 முதல் 5 பார் அழுத்தத்திலேயே முழு உறிஞ்சலைக் கொடுத்துவிடும். 6, 7 என்று ஏற்றினால் சத்தமும் காற்றுச் செலவும்தான் கூடும். சில சமயம் உறிஞ்சல் குறையவும் செய்யும். கப்பை வழவழப்பான தகட்டில் ஒட்டவைத்து, வேக்குவம் கேஜைப் பார்த்தபடி ரெகுலேட்டரை 0.2 பார் வீதம் இறக்குங்கள். முள் எங்கே பின்வாங்கத் தொடங்குகிறதோ அதற்கு ஒரு படி மேலே நிறுத்துங்கள். அழுத்தத்தைச் சுவரில் உள்ள கேஜில் பார்க்கக் கூடாது. காற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே எஜெக்டர் வாயில் அளக்க வேண்டும். நீளமான 4 மி.மீ. ஓஸ் வழியிலேயே நிறைய அழுத்தத்தைத் தின்றுவிடும்.

அடுத்தது கப்பின் விளிம்பு. ரோபோவை எமர்ஜென்சி ஸ்டாப்பில் நிறுத்தி, காற்றை மட்டும் திறந்து, பெட்டியைக் கப்பில் பிடித்துப் பாருங்கள். ஒரு முழ நீள பிளாஸ்டிக் ட்யூபின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை விளிம்பைச் சுற்றி நகர்த்தினால் கசியும் இடம் தெளிவாகக் கேட்கும். அனேகமாக டேப் ஒட்டிய மடிப்பு மேட்டில்தான் இருக்கும். கப்பை 3 செ.மீ. தள்ளி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரலாம். தட்டையான கப்பை மாற்றி, துருத்தி போல ஒன்றரை மடிப்புள்ள பெல்லோஸ் கப்போ ஸ்பாஞ்ச் விளிம்புள்ளதோ போடுங்கள்.

கப்பைப் பெரிதாக்கினால் உறிஞ்சலைக் குறைத்துக்கொள்ளலாம். 30 மி.மீ. கப் 60 கிலோபாஸ்கல் (100 கிலோபாஸ்கல் என்பது 1 பார்) வெற்றிடத்தில் சுமார் 42 நியூட்டன் பிடிக்கும். 40 மி.மீ. கப் வெறும் 40 கிலோபாஸ்கலிலேயே 50 நியூட்டன் பிடிக்கும். நேராகத் தூக்குவதற்கு இதில் பாதியை மட்டும் கணக்கில் எடுங்கள். வேகமாக வீசித் திரும்பும் கை என்றால் கால்பங்குதான்.

'ஏர் சேவிங்' எஜெக்டர் வாங்கச் சொல்லி விற்பனையாளர் வற்புறுத்துவார். 65 கிலோபாஸ்கல் வந்ததும் காற்றை நிறுத்தி, 55-க்கு இறங்கினால் மறுபடி திறக்கும் ஏற்பாடு அது. தகரம், கண்ணாடி, பிளாஸ்டிக் பொருள்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. அட்டையோ தானே காற்றை விடும் பொருள். வால்வு நொடிக்கொரு தரம் 'டக் டக்' என்று அடித்துக்கொண்டு சீக்கிரம் தேய்ந்துவிடும்.

பெட்டியை விடும்போது வரும் 'புஸ்' ஓசைக்கு, பெட்டியைக் கழற்றிவிடக் காற்று ஊதும் நேரத்தை 0.1 முதல் 0.2 நொடிக்குள் வைத்து, அந்த வழியில் காற்றோட்டத்தைக் குறைக்கும் ஒரு ஃப்ளோ கன்ட்ரோலும் போடுங்கள். இத்தனைக்குப் பிறகும் மிஞ்சும் சத்தத்தை 12 அல்லது 16 மி.மீ. ஓஸ் வழியே ஆள் இல்லாத பக்கம் கொண்டுபோய் விடலாம். ஓஸ் மாட்டியதும் கேஜ் இறங்கினால் அது ஒல்லி என்று அர்த்தம்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் ஆள் நிற்கும் இடத்தில், காது உயரத்தில் அளந்து எழுதி வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஃபோன் ஆப் போதும். 3 டெசிபல் இறங்கினால் ஒலியாற்றல் பாதியாகிவிட்டது என்று பொருள். 8 மணி நேர வேலைக்குத் தொழிற்சாலை விதி 90 டெசிபல் வரை விடுகிறது. ஆனால் 85-ஐத் தாண்டினாலே காதுக்குக் கேடு. அந்த இடத்தில் நிற்பவருக்குக் காதடைப்பான் கொடுத்தே ஆகவேண்டும்.

கேள்வி: கல்லூரி ப்ராஜெக்டுக்கு சிறிய ரோபோ கை செய்கிறேன். 12 வோல்ட் டயாஃப்ராம் பம்ப் அறை முழுக்க அதிர்கிறது. வேகத்தைக் குறைத்தால் கீச்சென்று வேறு கத்துகிறது. (மாணவி, சித்தூர், பாலக்காடு மாவட்டம்)

பம்பை அக்ரிலிக் தகட்டில் திருகியிருப்பீர்கள். தகடு மத்தளத் தோல் மாதிரி அதிர்வைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஸ்பாஞ்சில் பொதிந்து, கையிலிருந்து பிரித்துத் தரையில் வையுங்கள். மெல்லிய சிலிகான் ட்யூபால் இணையுங்கள். காற்று வெளியேறும் முனையில் ஸ்பாஞ்ச் அடைத்த சின்ன டப்பா ஒன்று போதும். அதன் மறுபக்கம் துளை இருக்கட்டும்.

கீச்சொலி பம்பின் குற்றமல்ல. ஆர்டுயினோ ஊனோ போர்டின் பிடபிள்யூஎம் (மின்சாரத்தை வேகமாக நிறுத்தித் திறந்து மோட்டார் வேகத்தைக் குறைக்கும் முறை) 490 ஹெர்ட்ஸ், 5, 6 பின்களில் 980. இரண்டுமே காதில் விழும். அந்த வேகத்தைத் தீர்மானிக்கும் டைமர் 2-இன் அமைப்பை மாற்றி 3 அல்லது 11-வது பின்னில் சுமார் 31 கிலோஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோனால் கேட்காது. 9, 10 வேண்டாம். கையின் மூட்டுகளைத் திருப்பும் சர்வோ மோட்டாருக்கான லைப்ரரி அவற்றின் பிடபிள்யூஎம்-ஐ நிறுத்திவிடும்.

இன்னும் நல்லது, பிடித்தபின் பம்பையே நிறுத்துவது. பம்புக்குப் பக்கத்தில் செக் வால்வு (காற்றை ஒரே திசையில் விடும் வால்வு), அதன்பின் இரு மூடி போட்ட ஒரு சாண் பிவிசி குழாய், அதிலிருந்து கப். தண்ணீர் பாட்டில் உபயோகிக்காதீர்கள், வெற்றிடத்தில் நசுங்கிவிடும். பொருளை விடுவிக்க, மின்சாரத்தால் திறக்கும் சோலினாய்டு வால்வு, அதை நிறுத்தும்போது எழும் மின்னழுத்த வீச்சைத் தடுக்க அதன் காயிலுக்குக் குறுக்கே 1N4007 டையோடு.

கேள்வி: தேயிலை பேக்கிங்கில் வைத்த எஜெக்டர், சமவெளியில் 85 கிலோபாஸ்கல் காட்டியது, இங்கே 71-ஐத் தாண்டவில்லை. 7 பார் வரை ஏற்றினோம். இரைச்சல்தான் மிச்சம். (வாசகர், மூணாறு)

எஜெக்டரில் பழுதில்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் வளிமண்டல அழுத்தமே 85 கிலோபாஸ்கல் அளவுதான். சமவெளியில் அது 101. மொத்தமே இல்லாததை எந்த எஜெக்டரும் உறிஞ்ச முடியாது. அழுத்தத்தைப் பழையபடி இறக்கிவிட்டு, கப் பரப்பை ஐந்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். 50 மி.மீ. இருந்தால் 55 மி.மீ. தேயிலைத் தூள் உள்ளே போகும் ஆகையால், ஃபில்டரை ஷிப்டுக்கு ஒரு முறை கழற்றித் தட்டிவிடுங்கள்.