சின்ன அம்பிளிபயர், படம் போட்டால் சத்தமில்லை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தம்பி, மகன் டிவிக்கென்று கைக்கு அடக்கமான ஸ்டீரியோ அம்பிளிபயர் ஒன்றை வாங்கித் தந்துவிட்டு வேலைக்கு மாலைதீவு போய்விட்டான். ஒப்டிக்கல் வயரில் தொடுத்திருக்கிறேன். யூடியூப்பில் பாட்டு நன்றாகக் கேட்கிறது. படம் போட்டால் சில நேரம் சத்தமே இல்லை, ஒருநாள் கர்ர்ரென்று இரைந்து பயந்தே போனேன். சாமான் பழுதா?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: பழுதாக இருக்காது அம்மா, அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு அலைய வேண்டாம். இந்தப் பகுதிக்கு இதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒப்டிக்கல் வயருக்குள் போவது வெளிச்சம், அந்த வெளிச்சம் அணைந்து எரிந்து எண்களைச் சொல்கிறது, அந்த எண்களை அம்ப்தான் ஒலியாக மாற்றுகிறது. டிவி அவற்றை இரண்டு விதமாக அனுப்பலாம். பிசிஎம் என்றால் இடது, வலது ஸ்பீக்கருக்கான ஒலி நேராக அப்படியே வரும். டொல்பி டிஜிட்டல் என்றால் ஆறு ஸ்பீக்கர் வரைக்குமான ஒலியைச் சுருக்கிக் கட்டிய பொதி வரும், அதை அவிழ்க்கிற வசதி சின்ன ஸ்டீரியோ அம்ப்களில் பெரும்பாலும் இல்லை. சில அம்ப் வாய்மூடி இருந்துவிடும், சிலது பொதியையே பாட்டென்று நினைத்து வாசிக்கப் போகும், நீங்கள் கேட்ட இரைச்சல் அதுதான். யூடியூப் பாட்டு அனேகமாக ஸ்டீரியோவாகவே வருவதால் அதில் சிக்கல் இல்லை.

செய்ய வேண்டியது ஒன்றுதான். டிவியின் செட்டிங்ஸில் சவுண்ட் பகுதிக்குப் போங்கள், டிஜிட்டல் அவுட்புட் என்று ஒரு வரி இருக்கும், அது 'ஆட்டோ' என்றோ 'பிட்ஸ்ட்ரீம்' என்றோ நிற்கும், அதை 'பிசிஎம்' ஆக்கிவிடுங்கள். பிறகு டிவி தானே பொதியை அவிழ்த்து இரண்டு ஸ்பீக்கருக்கு ஏற்றபடி அனுப்பும். டிவிக்கு வெளியே தனிப் பெட்டி ஏதும் வைத்துப் படம் பார்த்தால் அதிலும் இதே மாற்றத்தைச் செய்யுங்கள். டிவி ரிமோட்டில் சத்தம் கூடிக் குறையவில்லை என்றால் அதற்கும் கவலைப்பட வேண்டாம், பெரும்பாலான டிவிகளில் ஒப்டிக்கல் வழியாகப் போகும் ஒலியின் அளவு மாறாது, அம்பின் ரிமோட்டைத்தான் பிடிக்க வேண்டும்.

புதிதாக ஒப்டிக்கல் வயர் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதன் இரண்டு நுனியிலும் அரிசி அளவில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், கண்ணாடி மாதிரி இருப்பதால் கண்ணில் படாது, அதைக் கழற்றாமல் செருகிவிட்டு அம்ப் செத்துவிட்டது என்று எழுதியவர்கள் பலர். சந்தேகமென்றால் டிவிப் பக்கம் செருகிவிட்டு மற்ற நுனியை உள்ளங்கைக்கு நேரே பிடித்துப் பாருங்கள், சிவப்பாய் ஒரு பொட்டு விழுந்தால் டிவி அனுப்புகிறது, இனி அம்ப் பக்கம்தான் தேட வேண்டும்.

கேள்வி: அண்ணா ரொறொன்ரோவிலிருந்து வரும்போது தன்னுடைய பழைய அம்பிளிபயரைக் கொண்டுவந்து தந்தார். பிளக்குக்கு அடப்டர் வாங்கினால் போதும்தானே?
(வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: பொறுங்கள், இன்னும் செருகவில்லையே? அங்கே 120 வோல்ட், இங்கே 230. அடப்டர் பிளக்கின் காலைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. தனியாக ஒரு பவர் கட்டி வந்திருந்தால் அதன் அடியில் பொடி எழுத்தில் 100-240 என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் தாராளமாகப் போடலாம். அம்பின் முதுகில் 120 மட்டும் எழுதியிருந்தால் வோல்டேஜைக் குறைக்கிற டிரான்ஸ்போமர் இல்லாமல் தொடவே வேண்டாம். ஒரு செக்கனில் புகைந்துவிடும்.

கேள்வி: பெட்டியில் 2 x 100 வாட் என்று போட்டிருக்கிறார்கள். தொடர்மாடியில் இருக்கிறோம், இது அதிகமா? லப்டொப்பையும் இதில் தொடுக்கலாமா?
(வாசகர், பம்பலப்பிட்டி)

பதில்: பெட்டியில் இருக்கிற வாட்டை அப்படியே நம்பாதீர்கள். பல சின்ன அம்ப்களில் அந்தக் கணக்கு மின்தடை 4 ஓம் உள்ள ஸ்பீக்கரில், ஒலி 10 சதவீதம் சிதைகிற அளவுக்கு முறுக்கி எடுத்தது. உங்கள் ஸ்பீக்கர் 8 ஓம் என்றால் கிடைப்பது ஏறக்குறைய பாதிதான். அதனால் நட்டமில்லை, 100 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் இடையில் வித்தியாசம் 3 டெசிபல்தான், காது அதைக் கொஞ்சம் கூடுதல் என்று மட்டுமே உணரும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டாத சத்தத்தில் கேட்கிறபோது அம்ப் கொடுப்பது ஒன்றிரண்டு வாட் கூட இராது. மிச்சக் காசை நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள், வெறும் டைல்ஸ் தரையில் ஒரு பாயோ கார்ப்பெட்டோ விரியுங்கள், பாட்டு தெளிவதை அன்றைக்கே கேட்பீர்கள்.

லப்டொப்பை யூஎஸ்பியில் தொடுக்கலாம், ஆனால் முதலில் அம்பில் அந்தச் சொக்கெட் எதற்கு என்று பாருங்கள். சதுரமான சொக்கெட் என்றால் பெரும்பாலும் கொம்பியூட்டருக்கு, தட்டையானது சில மொடல்களில் பென் டிரைவுக்கு மட்டும். சார்ஜர் போட்டவுடன் ஸ்பீக்கரில் ஊங் என்ற சத்தம் வந்தால், லப்டொப்பிலோ டிவியிலோ ஒப்டிக்கல் இருந்தால் அதற்கு மாறுங்கள். அந்த வயரில் உலோகம் இல்லாததால் மின்சாரம் வழியாக வரும் இரைச்சல் தாண்டி வர முடியாது. அதே எண்களை உலோக வயரில் அனுப்புகிற கொஎக்சியலா, ஒப்டிக்கலா எது உயர்வு என்று நிறையப் பேர் சண்டை பிடிக்கிறார்கள், இந்த இரைச்சல் தொல்லை இல்லாவிட்டால் வீட்டில் இரண்டும் ஒன்றுதான், தங்கமுலாம் பூசின வயருக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

ஸ்பீக்கர் வயரில் மட்டும் கவனமாக இருங்கள். என் வீட்டில் ஒருமுறை தலைமயிர் அளவு ஒரே ஒரு செம்பு இழை சிவப்பு முனையிலிருந்து நீண்டு கறுப்பில் தொட்டுவிட, சத்தத்தை ஏற்றியதும் அம்ப் தானாகவே அணைந்துவிட்டது, முறுக்கிச் செருகிய பிறகு உயிர் வந்தது. அன்றிலிருந்து இழைகளை முறுக்காமல் செருகுவதில்லை. இரண்டு ஸ்பீக்கரின் கறுப்பு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்தும் கட்டாதீர்கள், சின்ன அம்ப்கள் பலவற்றுக்கு அது ஆகாது. அப்புறம், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி முழங்கத் தொடங்கினால் அம்பின் பிளக்கோடு டிவியின் அன்டெனா வயரையும் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும்.

கேள்வி: அப்பா இலங்கை வானொலியிலிருந்து பதிந்து வைத்த கசெட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அப்பா இப்போது இல்லை. டிஜிட்டல் அம்பில் கசெட் டெக்கைத் தொடுக்க முடியுமா?
(வாசகி, தெஹிவளை)

பதில்: முடியும் தங்கச்சி. டிஜிட்டல் இன்புட் உள்ள அம்ப்களிலும் பெரும்பாலும் சிவப்பு, வெள்ளை சொக்கெட் ஒரு சோடியாவது இருக்கும், டெக்கின் லைன் அவுட்டை அதில் செருகினால் போதும். ஆனால் கடற்காற்றும் ஈரமும் உள்ள ஊர் இது, முதலில் ஒவ்வொரு கசெட்டையும் வெளிச்சத்தில் பிடித்து அந்தச் சின்னக் கண்ணாடி வழியாக நாடாவைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாய்ப் பொடி தெரிந்தால் பூஞ்சணம், அதைப் போடவே வேண்டாம், தனியாக எடுத்து வையுங்கள், டெக்கில் நாடாவைத் தொட்டு வாசிக்கிற ஹெட்டில் ஒட்டி மற்றக் கசெட்டுகளுக்கும் பரவும். நல்லதாக இருப்பதைப் பாட விடாமல் ஒருமுறை கடைசிவரை வேகமாகச் சுற்றித் திருப்பிச் சுற்றுங்கள், ஒட்டிக்கிடந்த நாடா தளரும். ஹெட்டைப் பஞ்சில் அல்கஹோல் தொட்டுத் துடைத்துவிட்டு, முதல்முறை போடும்போதே லப்டொப்பில் பதிந்துகொண்டு கேளுங்கள், பழைய நாடா இரண்டாவது தடவை ஓடும் என்று நம்பி இருக்க முடியாது.