செல்ஃப் எடுக்காத காரும் நான் தண்டமாக வாங்கிய பேட்டரியும்

கேள்வி: சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம் வருகிறது, கார் ஸ்டார்ட் ஆகவில்லை. ஹாரன், லைட் எல்லாம் நன்றாக வேலை செய்கிறது. பேட்டரியை மாற்ற வேண்டுமா?

அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். இதே ‘டிக்’ சத்தத்துக்கு நான் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் தண்டம் அழுதவன்.

கும்பகோணத்தில் மைத்துனர் வீட்டுக் கல்யாணம். ஆறு மணிக்கு முகூர்த்தம். திருச்சியிலிருந்து மூன்றரைக்காவது கிளம்பினால்தான் சரியாக இருக்கும். பின் சீட்டில் அம்மா மடியில் தாம்பாளத்தோடு உட்கார்ந்தாயிற்று, மனைவி பூ வைத்தாயிற்று, நான் சாவியைத் திருப்பினேன். டிக். மறுபடியும் டிக். ஹாரனை அடித்தேன், தெருவே எழுந்துகொண்டது. எழுந்து வந்த பக்கத்து வீட்டுக்காரரும் பால்காரரும் தள்ள, இரண்டாவது கியரில் கிளட்ச்சை விட்டதும் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது. கும்பகோணம் போய்ச் சேரும்வரை எஞ்சினை அணைக்கவே இல்லை.

ஊர் திரும்பியதும் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டேன். பானட்டைத் திறந்த வேகத்தில் “பேட்டரி போச்சு சார்” என்றார். மீட்டர் எதுவும் வைத்துப் பார்க்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. பேட்டரிக்கு மூன்று வயது ஆகியிருந்தது, நம் ஊர் வெயிலுக்கு மூன்று நான்கு வருடம் உழைத்தாலே பெரிது என்று நானும் சமாதானம் சொல்லிக்கொண்டேன். புதுசு போட்டதும் வண்டி ஜம்மென்று கிளம்பியது. நாலே நாள். ஐந்தாம் நாள் காலை மறுபடியும் டிக்.

இந்த முறை மெக்கானிக்கை விட்டுவிட்டு, வயதான ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனை வீட்டுக்கே கூட்டி வந்தேன். அவர் பானட் பக்கம் போகவே இல்லை. வண்டி சுவரைப் பார்த்து நின்றது. “ஹெட்லைட்டைப் போட்டுட்டு செல்ஃப் அடிங்க” என்றார். அடித்தேன். சுவரில் விழுந்த வெளிச்சம் கொஞ்சம்கூட மங்கவில்லை. “பாத்தீங்களா? பேட்டரி வீக்கா இருந்தா லைட் செத்துப் போயிருக்கணும். கரண்ட் மோட்டாருக்குப் போகவே இல்ல சார்.”

இங்கேதான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். ஒரு ஹெட்லைட் பல்பு 55 அல்லது 60 வாட், ஐந்து ஆம்பியர் இருந்தால் எரிந்துவிடும். செல்ஃப் மோட்டாருக்கு சின்னக் காரிலேயே நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதனால் லைட் எரிகிறது என்பதை வைத்து பேட்டரி நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, கெட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது. செல்ஃப் அடிக்கும்போது அந்த லைட் என்ன ஆகிறது என்பதுதான் சேதி.

அப்புறம் மல்டிமீட்டரை எடுத்தார். பேட்டரி முனைகளில் வைத்ததும் 12.6 வோல்ட். அது முழு சார்ஜ். (12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி.) அடுத்து மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரியின் மைனஸ் முனையிலும் இன்னொன்றை எஞ்சின் இரும்பிலும் வைத்துக்கொண்டு, மறுபடி செல்ஃப் அடிக்கச் சொன்னார். மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அரை வோல்ட்கூட வரக்கூடாதாம். “எர்த் இல்ல” என்றபடி என் கையைப் பிடித்து கிளட்ச் கேபிள் மேல் வைத்தார். கேபிள் வெதுவெதுப்பாக இருந்தது! எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் கேபிள் கைவிட்டதால், மோட்டாருக்குப் போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வர வழியில்லாமல் கிளட்ச் கேபிள் வழியாக வந்துகொண்டிருந்தது. தள்ளினால் ஏன் கிளம்பியது என்பதும் அப்போதுதான் புரிந்தது. தள்ளும்போது செல்ஃப் மோட்டாருக்கே வேலையில்லையே.

அந்தக் கேபிளைக் கழற்றினால், போல்ட்டுக்கு அடியில் பச்சையும் துருவுமாக உப்பு பூத்திருந்தது. உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லைன் தடவினார். கூலி முன்னூறு ரூபாய்.

உங்கள் வண்டிக்கு வருவோம். ராத்திரியில் சுவருக்கு முன்னால் நிறுத்தி இதே சோதனையைச் செய்து பாருங்கள். லைட் சட்டென்று மங்கினால், பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது பேட்டரி டெர்மினல் லூஸ். டெர்மினலைக் கையால் திருகிப் பாருங்கள், அசையவே கூடாது. வெள்ளையாகப் பூத்திருந்தால் மைனஸை முதலில் கழற்றி, சுடுதண்ணீரில் கொஞ்சம் ஆப்ப சோடா கலந்து ஊற்றித் துடைத்துவிட்டு, மைனஸைக் கடைசியாக மாட்டுங்கள். லைட் மங்கவே இல்லை, டிக் மட்டும் வருகிறது என்றால் எர்த் அல்லது செல்ஃப் மோட்டார். எர்த்தா என்று கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாம். ஜம்பர் கேபிளின் (இரண்டு வண்டிகளின் பேட்டரிகளை இணைக்கும் தடித்த வயர்) கறுப்பு வயரை எடுத்து ஒரு முனையை பேட்டரி மைனஸிலும், இன்னொன்றை எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பிலும் கவ்வ விடுங்கள். வண்டி கிளம்பிவிட்டால் கேபிள்தான் குற்றவாளி. அப்படியும் கிளம்பாவிட்டால் நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு, ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது இன்னொருவர் மோட்டாரின் உடம்பில் ஸ்பேனரால் லேசாகத் தட்டிப் பார்க்கலாம். மோட்டாருக்குள் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால், தட்டியதும் மறுபடி தொட்டு ஒரு தடவை ஸ்டார்ட் ஆகிவிடும். அது வீடு போய்ச் சேரத்தான். மறுநாள் மோட்டாரைக் கழற்றியே ஆக வேண்டும்.

ஒரே டிக்காக இல்லாமல் ‘டிக்டிக்டிக்டிக்’ என்று படபடத்தால் கதை வேறு. அது பெரும்பாலும் சார்ஜ் இறங்கிய பேட்டரிதான், இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்து ஜம்ப் ஸ்டார்ட் பண்ணினால் போதும். அப்போது கறுப்பு வயரின் கடைசி முனையை செத்த பேட்டரியில் மாட்டாமல், தள்ளி எஞ்சின் இரும்பில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் பொறி பறக்கக்கூடாது. வண்டி ஓடும்போது பேட்டரியில் 13.8-லிருந்து 14.5 வோல்ட்வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை, புது பேட்டரி போட்டாலும் அது இரண்டு நாளில் படுத்துவிடும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை மறந்துவிடுங்கள். சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுப் பக்கம் இரண்டு வினாடி ‘ம்ம்ம்’ என்று பெட்ரோல் பம்ப் முனகுகிறதா, டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு (வண்டி சாவியை அடையாளம் காணாவிட்டால் மின்னும்) மின்னிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் தெருவில் ஒருவருக்கு எலி வயரைக் கடித்து வைத்திருந்தது, பானட்டைத் திறந்தால் புழுக்கையே சாட்சி.

மழை வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் மட்டும் இதில் எதையும் செய்யாதீர்கள், சாவியைத் தொடவே வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். நேராக டோ வண்டிதான்.

என் பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் எண்ணூறு ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார்கள். அது நல்ல பேட்டரி.