வார்த்தையால் படைத்தவர் நியாயந்தீர்ப்பார் என்பதன் பொருள்

தேவன் தமது வார்த்தையால் உலகைப் படைத்தார் என்பதற்கும், ஒருநாள் அதை நியாயந்தீர்ப்பார் என்பதற்கும் என்ன தொடர்பு, மண்சரிவு போன்ற பேரழிவுகளைக் கிறிஸ்தவர்கள் அந்தத் தீர்ப்பாகக் கருதுகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இறையியல் படித்தவன் அல்லன். குன்னூருக்கு அருகில் தேயிலைத் தோட்டக் குடும்பத்தில் பிறந்து, கிறிஸ்தவ நம்பிக்கையைச் சுருக்கிச் சொல்லும் விசுவாசப்பிரமாணத்தை ஞாயிறுதோறும் சொல்லி வளர்ந்தவன் என்ற அளவில் எழுதுகிறேன்.

அந்தப் பிரமாணம் வானத்தையும் பூமியையும் படைத்த பிதாவில் தொடங்கி, சில வரிகளுக்குள் உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வரும் கிறிஸ்துவிடம் வந்துவிடுகிறது. சிறுவயதில் இவற்றைத் தொடர்பில்லாத இரண்டு செய்திகளாகவே எண்ணியிருந்தேன்.

ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் தேவன் ‘வெளிச்சம் உண்டாகக்கடவது’ என்கிறார், வெளிச்சம் உண்டாகிறது. ‘அவர் சொல்ல ஆகும், அவர் கட்டளையிட நிற்கும்’ என்று 33ஆம் சங்கீதம் இதை ஒரே வரியில் அடக்கிவிடுகிறது. இவற்றின் மூலமொழியான எபிரேயத்தில் ‘தாபார்’ என்னும் சொல் பேச்சையும் குறிக்கும், நடந்த காரியத்தையும் குறிக்கும். யோவான் சுவிசேஷத்தின் தொடக்கத்தில் நாங்கள் படிக்கும் பழைய மொழிபெயர்ப்பு ‘வார்த்தை’ என்றும், கத்தோலிக்க நண்பர்கள் படிக்கும் திருவிவிலியம் ‘வாக்கு’ என்றும் சொல்கின்றன. எனக்கு இரண்டாவதே நெருக்கமாகப் படுகிறது. ஏனெனில் தமிழில் வாக்கு என்பது கொடுத்தவரைக் கட்டுப்படுத்துவது.

படைப்பையும் நியாயத்தீர்ப்பையும் நேரடியாக இணைக்கும் பகுதி, புதிய ஏற்பாட்டில் உள்ள பேதுருவின் இரண்டாம் நிருபம் (கடிதம்) மூன்றாம் அதிகாரம். படைப்பின் தொடக்கம் முதல் எல்லாம் அப்படியேதானே இருக்கிறது, அவர் வருவார் என்ற வாக்குத்தத்தம் எங்கே என்று சிலர் பரியாசம் செய்கிறார்கள். உலகை உண்டாக்கிய வார்த்தையே இப்போது அதைத் தாங்கி, அக்கினிக்கென்று நியாயத்தீர்ப்பு நாள்வரை காத்து வைத்திருக்கிறது என்பதும், தாமதமாகத் தோன்றுவது உண்மையில் ஒருவரும் கெட்டுப்போகாமல் மனந்திரும்பவேண்டும் என்ற பொறுமையே என்பதும் அங்கே கிடைக்கும் பதில். பத்தாம் வசனத்தில் பூமியும் அதன் செயல்களும் எரிந்தழியும் என்று எங்கள் மொழிபெயர்ப்பு சொன்னாலும், மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் ‘கண்டறியப்படும்’ என்ற பொருளுள்ள சொல்லே இருக்கிறது. ஆகவே மறைந்திருந்தவை வெளிப்படும் நாள் என்று அதைப் படிப்போரும் உண்டு. நானும் அப்படித்தான் படிக்கிறேன். நாள் எது என்று கணக்கிட்டுச் சொல்வோரைப் பொருட்படுத்த வேண்டியதில்லை, அது குமாரனாகிய தமக்கும் தெரியாது என்று மாற்கு 13இல் இயேசுவே சொல்லியிருக்கிறார்.

இனி மண்சரிவு. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் 40க்கும் மேற்பட்டோர் மண்ணில் புதைந்தும் வீடு இடிந்தும் இறந்தார்கள். அடுத்த வாரங்களில் ஒரு ஜெபக்கூட்டத்தில் வெளியூர்ப் போதகர் ஒருவர் அதைத் தேவனுடைய தண்டனை என்று பிரசங்கித்தபோது, உறவினரை இழந்தவர்களும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றி லூக்கா 13இல் இயேசு பேசியது அவருக்கு நினைவில்லை போலும். அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அதிகக் குற்றவாளிகள் அல்லர் என்று திட்டமாக மறுத்த இயேசு, இறந்தவர்களை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர்களை நோக்கியே மனந்திரும்புங்கள் என்றார். ஓடையை மறித்தும் சரிவைச் செங்குத்தாக வெட்டியும் கட்டடம் எழுப்பிய நாம், சரிந்த மண்ணுக்குள் இருந்தவர்கள்மேல் தீர்ப்பெழுதுவது எனக்குத் துணிகரமாகவே தோன்றுகிறது.

நியாயந்தீர்த்தல் என்பதற்கு வேதத்தில் தண்டித்தல் என்ற பொருள் உண்டு; கோணலை நேராக்குதல் என்ற பொருளும் உண்டு. 96ஆம் சங்கீதத்தில் கர்த்தர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார் என்றதும் காட்டு மரங்கள் கெம்பீரிக்கின்றன. சோலைக்காட்டை அழித்துத் தேயிலையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) நட்ட மலையில் இதை வாசிக்கும்போது, மிச்சமிருக்கும் சோலை மரங்கள் ஏன் மகிழும் என்று எனக்குப் புரிகிறது.